எண்பத்து மூன்றுக்குக் கீழே

ஐந்து வாரம் எடை நகரவேயில்லை. எண்பத்து நாலு கிலோ அறுநூறு கிராம். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. சென்னியப்பன் முப்பத்தோரு வருஷம் சங்ககிரியில் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருந்தவர். ஒரே வண்டி ஐந்து தடவை ஏறி ஐந்து தடவையும் ஒரே எடை காட்டினால் ஒன்று மேடையில் கோளாறு, இல்லாவிட்டால் வண்டியில் திருட்டு. இந்த ஆஸ்பத்திரி மேடையில் கோளாறு இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸை ஏற்றிப் பார்த்தே தெரிந்துகொண்டார். அப்படியானால் திருட்டு வண்டியில். வண்டி அவர்தான். அதெல்லாம் நாலு வாரத்துக்கு முந்தின கதை. இந்த நாலு வாரத்தில் அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. இன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்கு ஏற வேண்டும். எண்பத்து மூன்றுக்குக் கீழே இருந்தால் அவருடைய இடப்பக்கத்துக் கிட்னியை எடுத்து வசந்தாமணிக்கு வைப்பார்கள். மேலே இருந்தால் மாட்டார்கள். டாக்டர் அரை மணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னதை இப்படி இரண்டு வரியாக்கி வைத்திருந்தார். குண்டான ஆளை அறுத்தால் அறுபட்ட ஆளுக்கே ஆபத்தாம். ஆபத்து எனக்கு, உனக்கென்ன என்று கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது. அதற்கப்புறம் ஒரு அம்மாள் தனியறையில் உட்கார வைத்து, கிட்னி தரச் சொல்லி உங்களை யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டாள். "என்னை வற்புறுத்தி ஒரு டம்ளர் டீ குடிக்க வையுங்க பாப்போம்" என்றார். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதிக்கொள்ளட்டும்.

மணி ஒன்பது. வசந்தாமணியை உள்ளே மிஷினில் படுக்க வைத்தாகிவிட்டது. செவ்வாயும் சனியும் நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுவார்கள். படுக்கும் முன்னால் அவளையும் மேடையில் ஏற்றுவார்கள். ஐம்பத்து மூன்று நானூறு. எழுந்து வரும்போது ஐம்பத்தொன்று. "ரெண்டு கிலோ நானூறு. நாலு மணி நேரத்துல எறக்கிப் போடறேன் பாருங்க. நீங்க ஆறு மாசமா முக்கறீங்க" என்பாள். அவளுக்குள் இருப்பது தண்ணீர், போக வழியில்லாமல் காலிலும் கண்ணுக்குக் கீழேயும் தேங்கினது. உங்களுக்குள்ள இருக்கறது கொழுப்பு, பேச்சுலயும் அதுதான் என்பாள். பேசட்டும். பேசுகிற மட்டும் பயமில்லை. போன மாசம் ஒரு சனிக்கிழமை பேசாமல் படுத்திருந்தாள். கையில் ஊசி போடுவதற்கென்று தைத்து வைத்த நரம்பு அடைத்துக்கொண்டது, மூன்றாவது தடவை. இனி அடைத்தால் அந்தக் கை உதவாது, கழுத்தில்தான் போடணும் என்றார்கள். கழுத்தில். அவள் கழுத்தில் தாலிக்கயிறு கிடக்கிற இடத்துக்கு மேலே, காது மடலுக்குக் கீழே, தோல் அத்தனை மெல்லிசு, அங்கே ஒரு குழாயை, சரி, போதும். நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். இரும்பு நாற்காலி, நாலு நாற்காலியை ஒரே கம்பியில் கோர்த்தது, ஒருவர் அசைந்தால் நாலு பேரும் அசைய வேண்டும். ஆறு மாசத்துக்கு முன்னால் தொண்ணூற்றொன்று. அப்போது இந்த நாற்காலியின் கை இரண்டும் தொடையில் அழுத்தும். இப்போது அழுத்தவில்லை. தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறது. நுழைத்துப் பார்த்தார். விரலை வைத்து எடை சொல்ல முடியுமா. நாற்காலியில் ஒரு விரல் என்றால் மேடையில் எத்தனை. பேசாமல் உட்காரு என்று தன்னையே அதட்டினார்.

இன்றைக்குக் குறைந்த நாள். காலையில் வேக வைத்த கொள்ளு ஒரு கிண்ணம், நீர்மோர் ஒரு டம்ளர். இனி ஒரு மணிக்குத்தான். வயிறு பத்து மணிக்கே ஆரம்பித்துவிட்டது, ஹாரன் அடிக்கிற லாரி மாதிரி. அடி, அடித்துக்கொண்டே இரு, எண் வருகிறவரை வண்டியை எடுக்க விட மாட்டேன். நேற்று நடுநாள், இட்லியும் இரண்டு கரண்டி சோறும். நாளைக்கு ஏற்ற நாள், சோறு, பருப்பு, ஒரு முட்டை, சாயங்காலம் கடலை. ஏற்றி இறக்கித் தின்பது இந்த ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு அளவு எழுதிக் கொடுக்கிற ஜாஸ்மின் பொண்ணு போட்ட திட்டம். மகள் சுகன்யாவைவிடச் சின்னவள். ஆரம்பத்தில் அவள் தந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏற்றுவதென்ன இறக்குவதென்ன, ஒரேயடியாய்க் குறைத்துவிடுகிறேன் என்று தினமும் ஆயிரத்து இருநூறு கலோரி மட்டும் தின்றார். மூணாம் வாரம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மாள் கூடைமேல் விழுந்தார். ஜாஸ்மின் திட்டினாள். "ஐயா, தினமும் ஒரே மாதிரி கொறச்சுப் போட்டா ஒடம்பு அதுக்குப் பழகிக்கும். இவ்வளவுதான் வரும்னு தெரிஞ்சுக்கிட்டு அடுப்பை எறக்கி வெச்சுக்கும். அப்பறம் நீங்க பட்டினி கெடந்தாலும் எறங்காது. சில நாள் எறக்குங்க, சில நாள் ஏத்துங்க. நாளைக்கு என்ன வரும்னு ஒடம்புக்குத் தெரியக்கூடாது." இது அவருக்குச் சட்டென்று விளங்கியது. செக்போஸ்ட்டில் செவ்வாய்க்கிழமை தோறும் சோதனை என்றால் டிரைவர் செவ்வாய்க்கிழமை மட்டும் யோக்கியன். எந்த நாள் என்று தெரியாவிட்டால்தான் எல்லா நாளும் ஒழுங்காக ஓட்டுவான். உடம்பும் ஒரு டிரைவர். அறுபத்து நாலு வருஷம் ஓட்டின கள்ள டிரைவர். இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளிடம் எரிந்து விழுந்தார். முதல்லயே சொன்னேன், நீங்க கேக்கல என்றாள். வாரத்தில் மூணு நாள் ஆயிரத்து இருநூறு, இரண்டு நாள் ஆயிரத்து ஐநூறு, இரண்டு நாள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். எந்தக் கிழமைக்கு எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் தப்பு நுழைந்தது. அவள் விட்ட இடத்தில் இல்லை. அவர் வைத்த இடத்தில்.

வடை வாசனை வந்தது. முதலில் வாசனை, அப்புறம் சக்கரச் சத்தம், அப்புறம்தான் கேண்டீன் தள்ளுவண்டி வராந்தா முனையில் திரும்பியது. பதினொன்றாகிவிட்டது. உளுந்து வடை, தட்டில் ஈரம் பட்ட காகிதம், மேலே தேங்காய்ச் சட்னி. பக்கத்து நாற்காலியில் ஆத்தூர்க்காரர் ஒருவர், தம்பியை மிஷினில் விட்டுவிட்டு வருகிறவர், ஆறு மாசமாகப் பழக்கம், மூணு வடை வாங்கினார். "ஒண்ணு எடுத்துக்கங்க பெரியவரே." "வேண்டாம்." "அட, ஒரு வடையில கிட்னி கெட்டுப்போவுதா?" "கெட்டுப்போவும்." "காஞ்ச வயித்தோட உக்காந்திருக்கறீங்க. வெரதமா?" அந்த வார்த்தை. செவ்வாய், வெள்ளி, சனி. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி மாரியம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. வசந்தாமணிக்குக் கால் வீங்கின அன்றைக்கு நேர்ந்துகொண்ட விரதம். மூணு குறைந்த நாள் வேண்டும் என்று ஜாஸ்மின் சொன்னதும் அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விரதம் இருக்கிற மூணு நாளையும் குறைந்த நாளாக்கினார். எப்படியும் அன்றைக்குச் சோறு கிடையாது. ஒரே கல், இரண்டு வேலை. சோறு இல்லையென்றால் பட்டினி, ஊரே அப்படித்தான் சொல்கிறது, அவரும் அப்படியே நம்பினார். சோறு தின்னவில்லை. பலகாரம். பகலெல்லாம் கொள்ளும் மோருமாக வயிற்றைக் கட்டிக் கிடந்துவிட்டு விளக்கு வைத்ததும் அடை. வசந்தாமணியால் நிற்க முடியாது, அவரே அரைத்து அவரே ஊற்றுவார். கனமான அடை, நடுவில் ஓட்டை, ஓட்டையில் எண்ணெய், சுற்றிலும் எண்ணெய், ஓரம் மொறுமொறுவென்று சிவக்கிறவரை எண்ணெய். நாலு அடை. தேங்காய்ச் சட்னி. கடைசியில் ஒரு உருண்டை வெல்லம், பெருமாளுக்குக் காட்டினது, வீணாகக்கூடாதென்று. நாளெல்லாம் பட்டினி கிடந்த மனுஷன் இவ்வளவுகூடத் தின்னக்கூடாதா. தாளில் ஜாஸ்மினுக்கு என்ன எழுதிக் காட்டினார்? இரவு, பலகாரம், லேசாக. அவள் அதை இரண்டு இட்லி என்று எடுத்துக்கொண்டாள். அவள்மேல் குற்றமில்லை. பொய் எழுதவில்லை அவர், அதுதான் எரிச்சல். சத்தியமாக லேசாகத்தான் நினைத்தார். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை டிரைவர்கள் அவர் முகத்துக்கு நேரே சத்தியம் செய்தார்கள், சார், லோடு லேசுதான் சார் என்று. ஒருத்தனையும் நம்பினதில்லை. ஏற்று, பார்க்கலாம் என்பார். தன்னை ஏற்றிப் பார்க்கவில்லை. தன் வாயை நம்பினார்.

கண்டுபிடித்தவன் அவன். பெயரைச் சொல்லிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வசந்தாமணியின் தம்பி. எடப்பாடி ரோட்டில் பலகாரக் கடை, பஜ்ஜி, போண்டா, முறுக்கு. எண்ணெய்ச் சட்டி என்றுதான் இவர் சொல்வார், அவனைப் பற்றிச் சொல்ல நேர்ந்தால். நாலு வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், பின்கட்டுக் கதவு வழியாக வந்தான். வருவது அக்காளைப் பார்க்க. பொடக்காளி வழியாகத்தான் வருவான், வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லைத் தாண்டி. முன்வாசலில் பத்தொன்பது வருஷமாகக் கால் வைத்ததில்லை. சமையலறையைத் தாண்டித்தான் அக்காள் கட்டிலுக்குப் போக வேண்டும். தாண்டினவன் நின்றான். கல்லில் அடை. இவர் கையில் எண்ணெய்க் கேன். "வெள்ளிக்கெழமை வெரதங்களா மச்சான்?" இவர் கல்லில் எண்ணெயை ஊற்றினார். "அக்கா சொல்லுச்சு, அஞ்சு வாரமா எறங்கலேன்னு." அவன் அடையைப் பார்த்தான். கரண்டியைத் தொடாமல், கிட்டே வராமல், தூரத்திலிருந்தே சத்தத்தைக் கேட்டான். எண்ணெயில் மாவு வேகிற சத்தத்தைக் கேட்டே அவனுக்கு அளவு தெரியும், நாற்பது வருஷம் அதைக் கேட்டவன். "மச்சான், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்க." "அப்பறம் எதுக்குச் சொல்ற?" "லோடு லாரிய ஏத்துவீங்க. லோடு எறக்கிட்டு மறுக்கா ஏத்துவீங்க. அப்பத்தானே லோடு எவ்வளவுன்னு தெரியும்? அந்தக் கேனையும் அப்படி ஏத்திப் பாருங்க." ஜாஸ்மின் வாங்கச் சொன்ன சின்ன தராசு அலமாரியில் இருந்தது. அவனே எடுத்து வைத்தான். இன்னும் ஊற்றாத மூணு அடைக்கு மாவு மிச்சம். கேனை ஏற்றினான், எண்ணைச் சத்தமாகப் படித்தான். "இப்ப நீங்க எப்பவும் ஊத்தற மாதிரியே ஊத்துங்க. எனக்காகக் கொறைக்காதீங்க." வீம்புக்கு அப்படியே ஊற்றினார். எப்போதும்போல. இன்னும் கொஞ்சம் கூடவே. மூணும் வெந்ததும் கேனை மறுபடி ஏற்றினான். எண்பத்து நாலு கிராம் குறைந்திருந்தது. "நாலுக்கு நூத்திப்பத்து வரும். ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒம்பது கலோரி. அதுவே ஆயிரம் ஆச்சுங்களே மச்சான். இன்னும் மாவு இருக்குது, தேங்கா இருக்குது, வெல்லம் இருக்குது. சோறு தின்னுட்டுப் படுத்திருந்தாக்கூட பாதிதான் வந்திருக்கும்." அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும், அடித்திருக்கலாம். "சொல்லிக் குடுக்க வந்துட்டாரு பஜ்ஜி மாஸ்டரு. போடா, போய் ஒன் சட்டியக் கழுவு" என்று கத்தினார். கரண்டியை எறிந்தார், அவன்மேல் இல்லை, பாத்திரம் கழுவுகிற தொட்டிமேல். அவன் அக்காளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்த வழியே போனான். போன பிறகு சென்னியப்பன் அடுப்பை அணைத்துவிட்டு, கேனை மூணு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். தராசு பொய் சொல்லவில்லை. நூத்திப்பத்து. வாரத்துக்கு மூணு நாள். குறைந்த நாள் என்று எழுதினதெல்லாம் ஏற்ற நாளைவிட ஏற்றம். பட்டினி கிடக்கிறேன் என்று முருகனிடமும் சொன்னார், மாரியம்மனிடமும் சொன்னார், உள்ளே படுத்துக் கிடக்கிறவளிடமும் சொன்னார்.

மொத்தத்தில் முதலில் கிட்னி தருகிறேன் என்றவனே அவன்தான். அதை நினைத்தால் இப்போதும் உள்ளுக்குள் ஏதோ ஒரு இடத்தில் நெருடுகிறது. நான் புருஷன், எனக்கு முன்னால் இவன் எப்படிக் கேட்கலாம். டெஸ்டில் அவனுக்குச் சர்க்கரை என்று தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு இந்த வராந்தாவில், இதே நாற்காலியில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எண்ணெயில ஊறின கிட்னி எவனுக்கு வேணும் என்று இவர் சொன்னார். சத்தமாகவா சொன்னார், மனசுக்குள்ளா? சத்தமாகத்தான். அதற்கப்புறம் அவன் இந்த வராந்தாவுக்கு வரவில்லை. சொன்ன வாய் இது. இந்த வாய் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாலும் சொன்னது. சுகன்யா கல்யாணம். எண்ணூறு பேருக்குச் சமையல் அவன் பொறுப்பு, நான் செய்யறேன் மச்சான், எம் மருமவ கல்யாணம் என்று அவனாகவே எடுத்துக்கொண்டது. பொண்ணு நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் முறை. முகூர்த்த நேரத்துக்கு அடுப்படியிலிருந்து ஓடி வந்தான், பனியனெல்லாம் எண்ணெய்க் கறை, புருவத்தில் மாவு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்றார்கள், எல்லாம் பட்டு, எல்லாம் சென்ட்டு. சென்னியப்பன் இரண்டடி முன்னால் போய் அவனை நிறுத்தினார். "நீ பின்னாடியே இரு." அவ்வளவுதான் சொன்னது. நாலு வார்த்தைகூட இல்லை. பட்டத்தை வசந்தாமணியின் பெரியப்பன் மகன் கட்டினான், வெள்ளைச் சட்டை வாத்தியார். தாய்மாமன் பின்னாடி போனான். சமையலை முடித்தான். கடைசிப் பந்தி வரைக்கும் வடை குறையவில்லை, பாயசம் குறையவில்லை. சாப்பிடாமல் போனான். அன்றிலிருந்து பின்னாடியே இருக்கிறான். சொன்ன சொல்லை இப்படி யாராவது பிடித்துக்கொள்வார்களா. கோபத்தில் நூறு சொல்வான் மனுஷன். கோபமா அது. இல்லை. வெட்கம். அவன் பனியனுக்கு இவர் வெட்கப்பட்டார். இதை வேறு இந்த வாசனைக்கு நடுவில், வயிறு உறுமுகிற நேரத்தில், எதற்கு நினைக்க வேண்டும். ஆத்தூர்க்காரர் மூணாவது வடையைச் சட்னியில் புரட்டினார். தின்னய்யா. தின்னு. நூத்திப்பத்து கிராம்.

கத்தினதுக்கு மறுநாள் சனி. விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பின்கட்டுத் தாழ்ப்பாளில் ஒரு தூக்குப்போசி தொங்கியது. ஆள் இல்லை. உள்ளே ஆவியில் வெந்த பச்சைப்பயறு, சுரைக்காய், தாளிக்காத மோர். மூடியில் ஒரு துண்டுச் சீட்டு. பயறு 120 கிராம். சுரைக்காய் 250. எண்ணெய் 0. அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே மொத்தம், எடைமேடையில் இவர் எழுதிக் கிழித்துக் கொடுக்கிற சீட்டு மாதிரியே. கிண்டலா, மரியாதையா என்று தெரியவில்லை. வசந்தாமணியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். தூக்கி எறியலாம் என்றுதான் எடுத்தார். தராசில் வைத்தார். நூத்திருபது என்றால் நூத்திருபது. தின்றார். எண்ணெய் தொடாமல், கடுகு தாளிக்காமல், ஒரு பலகாரக்காரன் கையால் வெந்த பயறு இத்தனை ருசியாயிருக்குமா, என்ன போட்டான், சீரகமா, இஞ்சியா. போசியைக் கழுவி அதே தாழ்ப்பாளில் மாட்டினார். செவ்வாய், வெள்ளி, சனி. நாலு வாரமாக ஒரு நாளும் தப்பவில்லை. கடையில் சாயங்கால வியாபாரம் கொழிக்கிற நேரம் அது. அந்த நேரத்தில் அடுப்பை விட்டு வந்து மாட்டிவிட்டுப் போகிறான். ஒரு வார்த்தை இல்லை. இவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் இருந்த எடை மிஷினையும் வசந்தாமணி அவனிடமே கொடுத்தனுப்பிவிட்டாள், ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி ஏறி எறங்குறீங்க, பைத்தியம் புடிச்சிடும் என்று. சங்ககிரி மேடையில் போய் ஏறலாமா என்றுகூட நினைத்தார். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். எண்பது என்னும், இல்லாவிட்டால் தொண்ணூறு என்னும். நடுவில் இருக்கிற மனுஷனுக்கு அதில் இடமில்லை.

பன்னிரண்டு மணிக்கு எழுந்து உள்ளே போனார். எட்டுக் கட்டில், எட்டு மிஷின், எட்டும் ஒரே மாதிரி முனகுகின்றன. வசந்தாமணி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள். குழாய் இரண்டும் சிவப்பு. "குளுருதா?" "இல்லீங்க." குளிர்கிறது. கையைத் தொட்டார், மோர்ப்பானை மாதிரி இருந்தது. இந்தக் கை இனி ஒரு தடவை அடைத்தால். எண்பத்து மூன்று நூறு என்று வந்தால். ஒரு நூறு கிராமுக்காக. ஒரு வடைக்காக. அடுத்த தடவை பார்க்கலாம், ரெண்டு மாசம் கழித்து வாருங்கள் என்பார்கள், இந்தக் கைக்கு ரெண்டு மாசம் இருக்கிறதா, "ஏனுங்க." "ம்." "தண்ணி குடிக்கலியா? ஒதடு வெடிச்சிருக்குது." பிடித்துவிட்டாள். காலையில் குடித்த மோரோடு சரி. தண்ணீரும் எடைதான். ஒரு பாட்டில் ஒரு கிலோ. "எனக்குத்தான் அளந்து குடிக்கோணும்னு விதி. ஒங்களுக்கென்ன? நாக்கை நனைக்க மாட்டாமக் கெடக்கறேன், நீங்க கையில பாட்டில வெச்சுட்டு வேடிக்கை காட்டறீங்களா?" "மேல போயிட்டு வந்து குடிக்கறேன்." "ஓ. அப்படி." கண்ணை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டே சொன்னாள்: "தம்பி வந்திருக்கறான். காலையிலயே. கீழ நிக்கறான்." "எங்க?" "எங்க நிப்பான்? பின்னாடி கேட்டுலதான். கேண்டீனுக்கு சாமான் எறக்கற பக்கம். முன்னாடி வாடான்னு நர்ஸுகிட்டச் சொல்லி அனுப்பிச்சேன். நான் இங்கயே இருந்துக்கறேன்னுட்டான்." ஆஸ்பத்திரியிலுமா. இதற்கு என்ன சொல்வது. வீம்பு பிடித்த பயல். தன்னைவிட வீம்பு. அவருக்கு அதில் ஒரு மரியாதை வந்தது, வந்ததை உடனே மிதித்தார்.

மாடிப்படி. லிஃப்டில் போகச் சொன்னார்கள், போகவில்லை. இரண்டாவது மாடி. நடுப்படியில் நின்றார். மேடையில் ஒரு சக்கரத்தை மட்டும் தகட்டுக்கு வெளியே விட்டு நிறுத்துவான் டிரைவர், எடை குறையும் என்று. எத்தனை பேரைப் பிடித்து மறுபடி ஏற்றியிருக்கிறார். நாக்கைக் காயப் போட்டு மேடை ஏறுவதும் ஒரு சக்கரத்தை வெளியே விடுவதுதான். தண்ணீரை ஒதுக்கி வாங்குகிற எண் என்ன எண். அதை நம்பி என்னை அறுப்பார்கள், அவளுக்குள் வைப்பார்கள். பாட்டிலைத் திறந்தார். நின்ற இடத்திலேயே, அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். ஒரு கிலோ. இப்ப ஏத்து. இப்பப் பாக்கலாம். சாவிக்கொத்தையும் இடுப்பு பெல்ட்டையும்கூடக் கழற்றப் போவதில்லை, அதையும் சேர்த்துக்கொள்.

ஜாஸ்மின் கழற்றச் சொன்னாள். "ரூல்ஸ் ஐயா, பெல்ட்டக் கழட்டுங்க." கழற்றினார். மேடை சில்லென்றிருந்தது. நேராகப் பார்த்தார், சுவரில், குனியவில்லை. எண் ஓடுகிற சின்னச் சத்தம்கூட இல்லை இதில், சங்ககிரி மேடை ஒரு தடவை முனகும். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. "என்னம்மா?" "அசையாதீங்க." மூணு மூச்சு. "எண்பத்து ரெண்டு எழுநூறு." "மறுக்கா ஏத்து." இறங்கி ஏறினார். எண்பத்து ரெண்டு எழுநூறு. "மறுக்கா." "ஐயா, அதேதான் வரும்!" வந்தது. அவர் இறங்கி பெல்ட்டைப் போட்டார். ஒரு ஓட்டை கடந்து போய்விட்டது பெல்ட்டில், புது ஓட்டை காலையில் ஆணி வைத்துக் குத்தினது. ஜாஸ்மின் தாளில் எழுதினாள், ஆபரேஷனுக்கு அனுமதி தருகிற கமிட்டிக்கு இன்றைக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். அப்புறம் பழைய தாள்களைப் புரட்டினாள், நகராத ஐந்து வாரமும் ஒரே எண்ணாக வரிசையாக நின்றன. "இது எனக்கே புரியலைங்கய்யா. திட்டம் சரியாத்தான் போட்டேன். அஞ்சு வாரம் அசையல, அப்பறம் இப்படி எறங்கியிருக்கு. என்ன மாத்துனீங்க?" "பலகாரம்." "எந்தப் பலகாரம்?" சொன்னார். அடை, கேன், நூத்திப்பத்து கிராம், நாலே வாக்கியத்தில். அவள் பேனாவை வைத்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டாள். "லேசாப் பலகாரம்னு எழுதினீங்களே! எண்ணெய்க் கேனை எடை போட்டுப் பாத்தீங்களா? பெரிய ஆளுங்கய்யா நீங்க. நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்க."

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஒரு தலையாட்டு. எடைமேடைக்காரன் எடை போட்டான், யாருக்கும் இதில் சந்தேகம் வராது. சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வசந்தாமணியிடம் எண்ணைச் சொல்லலாம். தாழ்ப்பாளில் போசி தொங்குகிறவரை தொங்கட்டும். ஒரு சக்கரம் வெளியே. "நானில்ல" என்றார். "அப்ப யாரு? எழுதிக்கறேன், மத்தவங்களுக்கும் சொல்லலாம். பேரு சொல்லுங்க." அவர் ஜன்னலுக்குப் போனார். கீழே ஆஸ்பத்திரியின் பின்பக்கம். சமையல் கேஸ் சிலிண்டர் அடுக்கு, வாழையிலைக் கட்டு, திறந்து கிடக்கிற பின் கேட். கேட்டுத் தூணில் சாய்ந்து ஒரு ஆள், தலையில் துண்டு, கையில் தூக்குப்போசி. இன்றைக்குச் செவ்வாய். எத்தனை கிழவனாகிவிட்டான், இவன் எப்போது கிழவனானான். சென்னியப்பன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பத்துச் சக்கர லாரி இஞ்சின் உறுமலுக்கு மேலே முப்பத்தோரு வருஷம் கத்திக் கத்திப் பழகின குரல், அடிவயிற்றிலிருந்து, காலி வயிற்றிலிருந்து, வந்தது. ஜாஸ்மின் காதைப் பொத்திக்கொண்டாள். கீழே வாழையிலைக்காரன் கட்டைப் போட்டுவிட்டான். தூணில் சாய்ந்தவன் துண்டை எடுத்துவிட்டு அண்ணாந்தான்.

"மாப்ள! அங்க என்ன பண்ற? முன்வாசல் வழியா வாடா, நாச்சிமுத்து!"